சம்மாட்டிக்கு மட்டும் சீனி

அத்தியாயம் ஒன்பது

யாகோப்புவிடம் சொந்தமென்று இப்போது மிச்சமிருப்பவை பத்துக் கால்விரல்கள். அவற்றில் இரண்டைப் போன திங்கட்கிழமை மானிப்பாய் டாக்குத்தர் கேட்டுவிட்டார்.

கேட்டவர் உடனே தா என்று நிற்கவில்லை. நல்ல வியாபாரியைப் போல ஒரு வாரத் தவணை கொடுத்தார். வலது காலின் சுண்டுவிரலிலும் பக்கத்து விரலிலும் உள்ள புண் ஆறவேண்டுமென்றால் உடம்பிலுள்ள சீனி இறங்கவேண்டும். சனிக்கிழமை காலையில் மூத்திரத்தைச் சோதியுங்கள், நிறம் பச்சையில் நின்றால் பொறுத்துப் பார்க்கலாம், செங்கல் நிறத்துக்குப் போனால் திங்களன்று துணிமணியோடு வந்து படுக்க வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்.

இன்று சனிக்கிழமை.

குருநகரில் இரண்டு வள்ளமும் ஏழெட்டுப் பேருக்குத் தொழிலும் வைத்திருந்த சம்மாட்டி யாகோப்பு. கரையில் ஷெல் விழத் தொடங்கி, கடலுக்கும் இறங்கக்கூடாது என்று நேவி தடை போட்டபிறகு, ஊர்ச்சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது. அவர் கையில் அகப்பட்டது ஒரு அலாரம் மணிக்கூடு. அதுவும் இரண்டு வருசமாக ஓடவில்லை.

சண்டிலிப்பாயில், கனடாவுக்குப் போய்விட்ட யாரோ ஒருவருடைய வீட்டில் இரண்டு அறையும் குசினியும் கிடைத்தன. சுற்றிவர வெங்காயமும் புகையிலையும். கிணற்றுத் தண்ணீர் தேன் மாதிரி. காற்றில்தான் ஒரு சொட்டு உப்பில்லை.

மகன் லியோன் பாரிஸில் இருந்தான். அவனிடமிருந்து கடிதம் வந்து ஏழு மாதம். மகள் பெர்னடெட் மானிப்பாயில் ஒரு சின்ன மருந்துக்கடையில் வேலை செய்தாள். அங்கேயே அறை எடுத்துத் தங்கி ஞாயிறு மட்டும் சைக்கிளில் வந்துபோனாள். மற்ற ஆறு நாளும் வீட்டில் யாகோப்புவும் மனைவி கத்தரீனாவும்தான். முப்பத்தாறு வருசம் கூடவாழ்ந்த இரண்டு பேருக்குக் கதைக்க இருப்பதெல்லாம் காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடும்.

எட்டு மணிக்குப் பிறகு கத்தரீனா சீனியோடு சண்டை பிடிப்பாள்.

யாகோப்புவுக்குச் சோற்றுக்கும் பாணுக்கும் தொட்டுக்கொள்ள எதாவது வேண்டும். குருநகரில் இருந்தபோது கடைச் சோஸ் போத்தலைக் கவிழ்த்து அடியில் தட்டித் தட்டிச் சாப்பிட்டவர். சலரோகம், சீனி வருத்தம் என்று டாக்குத்தர் சொன்ன அன்று, அந்தப் போத்தலுக்குள் தக்காளி பாதி சீனி பாதி என்று பெர்னடெட் விளக்கினாள். அத்தோடு போத்தல் நின்றது. கத்தரீனா தானே தக்காளியை அவித்து அரித்து, கள்ளு வினாகிரி விட்டு, மிளகும் கறுவாப்பட்டையும் போட்டுச் சோஸ் காய்ச்சினாள். மாங்காய்ச் சட்னியைச் சீனி இல்லாமல் கிண்டினாள். ஆனாலும் அவளுடைய பெரிய கைவேலை சீனிச் சம்பல்தான். அதையும் சீனி போடாமலே செய்தாள்.

சீனி போடாத சீனிச் சம்பல் என்றால் சந்தையில் சிரிப்பார்கள். ஆனால் வெங்காயத்துக்குள்ளேயே இனிப்பு இருக்கிறது. அவசரக்காரனுக்கு அது வெளியே வராது. நாலு இறாத்தல் சின்ன வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, தேங்காய் எண்ணெயில் போட்டு, தணல் நெருப்பில் இரண்டரை மணித்தியாலம் கிண்டவேண்டும். கையை எடுத்தால் அடி பிடிக்கும். முதலில் அழவைக்கும். பிறகு தண்ணீர் விட்டு வதங்கும். அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றுமே நடக்காதது போலக் கிடக்கும். கடைசியில்தான் சுருண்டு, பழுப்பேறி, தானாக இனிக்கும். அப்போது இடித்த செத்தல் மிளகாய், புளி, உப்பு, மாசிக் கருவாடு கிடையாத காலமாகையால் வறுத்துத் தூளாக்கிய நெத்தலி. நாலு இறாத்தல் வெங்காயம் ஒரு போத்தலுக்குள் அடங்கிவிடும்.

ஒவ்வொரு சனியும் கத்தரீனா அடுப்படியில் இருந்து கிண்டுவாள். யாகோப்பு மற்ற நாட்களைப் போலவே சந்திக்குப் போய்விடுவார்.

"செய்தி கேட்டிட்டு வாறன்" என்பார். அது முழுப்பொய் இல்லை. சந்தியில் சிமியோனின் தேத்தண்ணிக் கொட்டிலில் ஒரு றேடியோ இருந்தது. பற்றரி கிடைக்காதபடியால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க டைனமோவில் அது பாடும். செய்தி பத்து நிமிசம். யாகோப்பு இருப்பது மூன்று மணித்தியாலம்.

சிமியோனும் குருநகர்தான். யாகோப்புவின் வள்ளத்தில் பதினொரு வருசம் தொழில் செய்தவன். கனிசியஸ், பிலிப்பு என்று கரையை விட்டு வந்த இன்னும் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். சீனி கொழும்பிலிருந்து ஒளித்து மறைத்து வருகிற நாள். ஆகவே எல்லோருக்கும் வெறும் தேத்தண்ணியும், உள்ளங்கையில் கடித்துக்கொள்ள ஒரு துண்டுப் பனங்கட்டியும்தான். ஒரே ஒரு கோப்பைக்கு மட்டும் சிமியோன் பெட்டியைத் திறந்து ஹோர்லிக்ஸ் போத்தலை எடுப்பான். இரண்டு கரண்டி சீனி போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கலக்கி, "சம்மாட்டியாருக்கு" என்று நீட்டுவான்.

கடலில்லை, வள்ளமில்லை, வலையில்லை. சம்மாட்டி என்கிற பேர் அந்த இரண்டு கரண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தனக்குச் சலரோகம் என்று யாகோப்பு அங்கே ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. காலில் சீலை சுற்றியிருப்பதற்கு ஆணி குத்தியது என்று காரணம் சொன்னார்.

டாக்குத்தர் தவணை கொடுத்த வாரமும் ஒருநாள் தவறாமல் போனார். வெள்ளிக்கிழமை மூன்று கோப்பை. கனிசியஸ் பழைய புயல் கதை ஒன்றை எடுத்துவிட்டான். புயலின் நடுவில் எழும்பி வர மனம் வரவில்லை.

ஆக, சனிக்கிழமை விடியும்போது என்ன நிறம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வீட்டின் கக்கூசு வளவின் கோடியில், வாழைக்கு அப்பால் இருந்தது. மண்ணெண்ணெய் இல்லை, பாம்பு இருந்தது. அவருக்குப் புண்கால், அவளுக்கு முழங்கால் உளைவு. எனவே இரவில் ஆளுக்கொரு எனாமல் சட்டி: அவருக்கு நீலம், அவளுக்கு வெள்ளை. தொழிலுக்குப் போன பழக்கத்தில் முதலில் கண்விழிப்பவர் அவர்தான். விடியப்புறம் இரண்டையும் கொண்டுபோய் ஊற்றிக் கழுவுவதும் அவர்தான்.

இன்று நீலச் சட்டியைக் கொண்டுபோய் ஊற்றினார். பிறகு வெள்ளைச் சட்டியிலிருந்து சோதனைக்கு வேண்டியதை மருந்துப் போத்தலில் எடுத்துக்கொண்டு, சட்டியை ஒரு பலகையால் மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். அடுத்தவன் பிடித்த மீனைத் தன் கூடையில் வைத்து ஏலம் கூறுகிற ஆளின் முகம் எப்படியிருக்கும்? அவர் முகம் அப்படித்தான் இருந்தது. இரண்டு விரலுக்கு ஒரு பொய் மலிவுதான் என்று நினைத்தார்.

கத்தரீனா பால்மா ரின்னில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தாள். பெர்னடெட் கொடுத்த நீல மருந்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, போத்தலிலிருந்து எட்டுத் துளி சொட்டி, குழாயைக் கொதிநீரில் நிறுத்தினாள். அடுப்புக்கு மேலே, பெர்னடெட் கலர்ப் பென்சிலால் தீட்டிக் கொடுத்த மட்டை குத்தியிருந்தது. நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கல்.

நீலம் பச்சையாகியது. கத்தரீனா சிலுவை போட்டாள். பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளுக்குப் போனது. மஞ்சளிலும் நிற்கவில்லை. அவள் குழாயை வெளியே எடுத்து மட்டைக்குப் பக்கத்தில் பிடித்தபோது, கடைசிச் சதுரத்தை யாரோ வெட்டி உள்ளே போட்டது போலிருந்தது.

யாகோப்பு பாயில் இருந்துவிட்டார். கால் வலி என்று அவள் நினைத்தாள்.

அவள் அவரை ஏசவில்லை. அதுதான் பெரிய கரைச்சலாக இருந்தது. எங்கே போனீர், என்ன தின்றீர் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் அவருக்கு வாய் திறக்க ஒரு வழி கிடைத்திருக்கும். அவள் அலுமாரியைத் திறந்து போன கிழமைச் சம்பல் போத்தலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மூடியைக் கழற்றி மணந்து பார்த்தாள்.

"உந்தப் போத்தலை ஏன் எடுக்கிறாய்?" என்றார் யாகோப்பு.

"வெங்காயம்தான். இந்த மண் வெங்காயம் இனிப்புக் கூட. நான்தான் உங்களுக்கு ஊட்டி ஊட்டிச் சீனியை ஏத்தியிருக்கிறன்."

போத்தலைக் கொண்டுபோய் வாழையடியில் கவிழ்த்தாள். திரும்பி வந்து சோஸ் போத்தலை எடுத்துப் போனாள். பிறகு சட்னிப் போத்தல். பக்கத்துத் தோட்டக்காரர் சண்முகநாதனின் கோழிகள் ஓடிவந்து, கொத்திப் பார்த்து, உறைப்பில் தலையை உதறிக்கொண்டு போயின. விடியற்காலமே அவள் அரிந்து வைத்த நாலு இறாத்தல் வெங்காயம் சுளகில் கிடந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சீலையால் மூடிவிட்டு, இனி வெங்காயம் அனுப்பவேண்டாம் என்று சண்முகநாதனின் மனைவி குணலட்சுமியிடம் சொல்லிவரப் போனாள்.

யாகோப்புவுக்கு முதலில் வந்த எண்ணம், போத்தலைச் சரியாகக் கழுவவில்லை என்பதுதான். ஒவ்வொரு கிழமையும் அவரது மூத்திரம் நின்ற போத்தல். அடியில் பழையது ஒட்டியிருக்கலாம். அப்படித்தான் இருக்கவேண்டும்.

நீல மருந்தில் ஒரேயொரு தடவைக்கு மிச்சமிருந்தது. பச்சை வரும் நாளில், தன்னுடையதைச் சோதிக்கத் தேவைப்படும் மருந்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பேரம் பேச எதிரில் ஒருவருமில்லை.

புதுப் போத்தல் ஒன்றைச் சுடுதண்ணீரில் இரண்டுமுறை அலசினார். கட்டிலுக்குக் கீழிருந்த வெள்ளைச் சட்டியை இழுத்தார். பலகையின் விளிம்பில் எறும்பு நிரை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. இந்த எறும்புகளை மாதக்கணக்காக அவர் பார்த்துத்தான் வந்திருக்கிறார். தன்னுடைய நீலச் சட்டிக்கு வந்தவை, பக்கத்தில் இருந்ததையும் எட்டிப் பார்க்கின்றன என்று நினைத்திருந்தார்.

இரண்டாவது குழாய் முதலாவதைவிடச் சீக்கிரம் சிவந்தது.

அவர் குசினிச் சுவரோடு சாய்ந்து நின்றார். ஒன்றொன்றாக வந்தது. அவள் தலைமாட்டில் செம்பு வைத்துக்கொண்டு படுப்பது. விடிவதற்குள் அந்தச் செம்பு வெறுமையாவது. சட்டைகள் தோளில் நிற்காமல் வழுகுவது. அகதியாய் வந்த சனத்தில் யார்தான் மெலியவில்லை என்று அவர் நினைத்தது. ஊசியில் நூல் கோர்க்கத் தெரியவில்லை என்று விளக்கைக் குறை சொன்னது.

பிறகு சங்கக்கடைச் சீனி. நிவாரணத்தில் மாதமாதம் ஆளுக்கு ஒரு பங்கு வரும். அவருடைய பங்கை அவர் தொடக்கூடாது. விற்கவோ கொடுக்கவோ அவளுக்கு மனமில்லை. சனம் சீனிக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் அதை வீணாக்கவும் கூடாது. ஆகவே அவருக்கு விலக்கியதையெல்லாம் அவளே சாப்பிட்டாள். அவர் பங்குச் சீனி, அவர் பங்குப் பனங்கட்டி, குணலட்சுமி விவரம் தெரியாமல் கொடுத்துவிட்ட இனிப்புப் பணிஸ். அவருக்குச் சீனி போடாத சம்பல். அவளுக்கு இரண்டு பேருடைய சீனி. இந்தக் கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்திய வியாபாரத்தில் இலாபம் எறும்புக்குத்தான்.

கத்தரீனா திரும்பி வந்தபோது இரண்டு குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள்.

"திரும்பச் சோதிச்சனீங்களோ?"

"கத்தரீனா, அது என்ரை இல்லை."

"எது?"

"ரெண்டும். உன்ரை சட்டியிலை எடுத்தது."

அவளுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாகோப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். கொட்டில், ஹோர்லிக்ஸ் போத்தல், இரண்டு கரண்டி, வெள்ளிக்கிழமை மூன்று கோப்பை, விடியப்புறம் செய்த களவு. சொல்லும்போது தன் குரல் கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற குரல் மாதிரி இருப்பது அவருக்கே கேட்டது. அங்கே என்றால் சுவாமியார் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். இவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்கடை நிறம் என்ன?"

"தெரியாது. ஊத்திப்போட்டன்."

"மருந்து இருக்குத்தானே, அடுத்ததிலை பாப்பம்."

"முடிஞ்சுது. உன்னதுக்கு விட்டிட்டன்."

அவள் சுளகின் மேல் கிடந்த சீலையை எடுத்து மடித்தாள். மறுபடி விரித்தாள்.

தனக்கும் அதே வருத்தமா, எவ்வளவு காலமாக, என்ன செய்யவேண்டும், ஒன்றையும் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"எத்தினை நாளா அந்தக் கொட்டிலிலை கூடுறியள்?"

"இஞ்சை வந்த நாள் தொட்டு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

"ஆர் ஆர் வாறவை?"

அவர் பெயர்களைச் சொன்னார்.

"என்ன கதைக்கிறனீங்கள்?"

"என்ன கதை. கடல், காத்து, ஆரின்ரை வள்ளம் என்னவாச்சுது. சும்மா."

"சிரிப்பீங்களோ?"

"சில நேரம்" என்றார்.

கத்தரீனா தலையை ஆட்டினாள். சந்தையில் விலை கேட்டு, அது தன்னால் முடியாத விலை என்று கண்டவர்கள் ஆட்டுகிற மாதிரி.

"நீங்கள் வந்து ஒண்டும் கதைக்கமாட்டியள். செய்தி கேட்டிட்டு வாற மனுசன், மனம் சரியில்லையாக்கும், கரைச்சல் குடுக்கக்கூடாது எண்டு நானும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன். ரெண்டு வருசம். வெங்காயத்தைக் கிண்டிக் கிண்டி இந்தச் சுவரோடை கதைச்சனான். உங்களுக்குக் கதை இருந்திருக்குது. அதை அங்கை முடிச்சிட்டு வந்திருக்கிறியள்."

அவள் அழவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. அடுப்பை மூட்டி, தாச்சியை வைத்து, எண்ணெய் விட்டு, சுளகிலிருந்த வெங்காயத்தைக் கொட்டினாள். டாக்குத்தரிடம் போகவேண்டும் என்று அவர் இரண்டுமுறை சொன்னார். இரண்டுமுறையும் அவள் "போவம்" என்றாள். மூன்றாம்முறை சொல்ல வாயெடுத்தபோது திரும்பிப் பாராமலே சொன்னாள்.

"உங்கடை நேரம் வந்திட்டுது. போய்ச் செய்தியைக் கேட்டிட்டு வாங்கோ."

யாகோப்பு போனார். கோபத்தில் அல்ல. அங்கே செய்யவேண்டிய ஒரு காரியம் இருந்தது. அதைச் செய்துவிட்டு வந்தால் அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கொட்டிலில் பிலிப்பு சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். செய்தி முடிகிற நேரம். சிமியோன் அவரைக் கண்டதும் வாங்குப் பலகையைத் தோள் துண்டால் தட்டிவிட்டு, பெட்டியைத் திறந்தான். ஹோர்லிக்ஸ் போத்தல் வெளியே வந்தது. கரண்டி உள்ளே போனது.

யாகோப்பு கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

"சீனி வேண்டாம் சிமியோன். எனக்குச் சலரோகம். கால்புண் ஆணி குத்தினதில்லை."

கரண்டி அந்தரத்தில் நின்றது. பிலிப்பு மிதிப்பதை நிறுத்த, றேடியோ பாதிச் சொல்லோடு படுத்துவிட்டது.

சிமியோன் கரண்டியிலிருந்ததைப் போத்தலுக்குள் திருப்பிக் கொட்டினான். ஒரு மணியும் சிந்தவில்லை. அவன் முகத்தில் கவலை இருந்தது. ஆனால் போத்தலை மூடிய கையில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்ததை யாகோப்பு கவனித்தார். அவர் அவனைக் குறை நினைக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு சிமியோன் வெறும் தேத்தண்ணியை நீட்டினான். நீட்டும்போது சம்மாட்டியாருக்கு என்று சொல்லவில்லை.

கனிசியஸ்தான் எதையாவது சொல்லி இடத்தை நிரப்பவேண்டும் என்று நினைத்தான். "அப்ப இவ்வளவு நாளும் எங்கடை பங்கையும் சேர்த்துக் குடிச்சுத்தான் வருத்தத்தை வாங்கினீங்களோ, அண்ணை?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். யாகோப்புவும் சிரித்தார். அண்ணை. வயதில் மூத்த எவனையும் கூப்பிடுகிற பேர்.

கசப்புத் தேத்தண்ணியை இரண்டு மிடறு குடித்தார். நேற்றைய புயலை யாரும் தொடவில்லை. பிறகு, ஏன் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டார்.

"உங்கடை வீட்டுப் பொம்பிளையள் ஆரோடை கதைக்கிறவை?"

சிமியோன் கோப்பை கழுவினான். பிலிப்பு கவிழ்த்து வைத்த சைக்கிளின் சில்லைக் கையால் சுற்றிவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கனிசியஸ் மட்டும் "அவையளுக்கென்ன, வேலை இருக்கு" என்றான்.

யாகோப்பு கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பினார். மூன்று மணித்தியாலம் இருக்கிற இடத்தில் இன்று அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க, என்ன சொல்வது என்று ஒழுங்கு பண்ணிக்கொண்டு நடந்தார். கொட்டிலில் சொன்னதைச் சொல்லவேண்டும். அவர்கள் சிரித்ததைச் சொல்லவேண்டும். கனிசியஸின் புயலையும் சொல்லலாம். அதில் பாய்மரம் முறிகிற இடம் அவளுக்குப் பிடிக்கும்; முறிந்தது அவளுடைய தமையன் போன வள்ளத்தில்.

அடுப்படியில் குணலட்சுமி இருந்தாள். அகப்பை அவள் கையில்.

"அக்கா மானிப்பாய்க்குப் போயிட்டா, மகளிட்டை" என்றாள் எழும்பிக்கொண்டே. "நீங்கள் வருமட்டும் என்னைப் பாக்கச் சொன்னவ. அடி பிடிக்கவிடாமல் கிண்டட்டாம். இன்னும் ரெண்டு மணித்தியாலம் எண்டு சொன்னவ. நெத்தலி நீங்கள்தான் போடவேணும், நான் இண்டைக்குச் சனி விரதம்."

"சந்தியாலை போகேல்லையே. நான் அங்கைதான் இருந்தனான்."

"தோட்டத்துக்குள்ளாலை போனவ. வாய்க்கால் வரம்பாலை."

அதாவது, சந்தியைச் சுற்றி, ஒன்றரை மைல் கூடுதலாக, உளைகிற முழங்காலோடு.

"எப்ப வருவாவாம்?"

குணலட்சுமி முந்தானையால் கையைத் துடைத்தாள். நல்ல மனுசி, இல்லாத ஒன்றைச் சொல்லி ஆறுதல் கொடுக்க அவளுக்கு வரவில்லை. "அதைச் சொல்லேல்லை, ஐயா" என்றுவிட்டுப் போனாள்.

யாகோப்பு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்க்க அதிகமில்லை. கோயிலுக்குக் கட்டும் சேலை கொடியில் இல்லை. செபமாலை ஆணியில் இல்லை. வெள்ளைச் சட்டி கழுவி வேலியில் கவிழ்த்திருந்தது. எறும்புகள் கட்டிலின் கீழே வட்டமாக வந்து, ஒன்றுமில்லாத இடத்தைத் தடவிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. மேசையில் ஒரு சாப்பாட்டுப் பீங்கான் மட்டும் எடுத்து வைத்திருந்தது. சம்பல் போத்தல் கழுவி, உலர்த்தி, திறந்தபடி நின்றது.

பலகையில் உட்கார்ந்து புண்காலை நீட்டிக்கொண்டு அகப்பையை எடுத்தார்.

வெங்காயம் தண்ணீர் விட்டு வதங்கி, ஒன்றுமே நடக்காதது போலக் கிடக்கிற கட்டத்தில் இருந்தது. கிண்டினார். தணலை இழுத்தார். கிண்டினார். கடலில் எத்தனையோ இரவு வலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்தான். ஆனால் அங்கே பக்கத்தில் ஒருவன் பீடி குடிப்பான், ஒருவன் பாடுவான், ஒருவன் பொய் சொல்வான். இங்கே அகப்பை தாச்சியில் உரசுகிற சத்தம் மட்டும். கால் மணித்தியாலம் போயிருக்கும் என்று நினைத்து வெளியே வெயிலைப் பார்த்தார். நிழல் நகரவேயில்லை.

முதுகு நோகப் பின்னால் சாய்ந்தார். தலைக்கு ஒரு சாண் கீழே, சுவரில் எண்ணெய் பிடித்த ஒரு வட்டம் இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தார். சுண்ணாம்பு அந்த இடத்தில் வழுவழுப்பாகியிருந்தது. சாய்ந்து சாய்ந்து ஒரு தலை தனக்கென்று பிடித்து வைத்திருந்த இடம். அவருடைய தலை அதற்குப் பொருந்தவில்லை.

எதிர்ச்சுவர் புகை பிடித்துக் கறுத்திருந்தது. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கவேண்டும்.

"இண்டைக்குச் சீனி வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்" என்றார் யாகோப்பு, சுவரைப் பார்த்து.

தன் குரல் அந்தக் குசினிக்குள் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று திடுக்கிட்டார். சுவர் பேரம் பேசவில்லை. கூடச் சொல்லவில்லை, குறைத்துச் சொல்லவில்லை. நெடுநேரம் கிண்டிய பிறகு, மெல்லிய குரலில், புயலைத் தொடங்கினார். காற்று வடக்கே திரும்பியது, தமையன் பாயை இறக்கச் சொன்னது, யாரும் கேட்காதது. பாய்மரம் முறிகிற இடத்துக்கு வந்தபோது வெங்காயத்தின் மணம் மாறியது. எட்டிப் பார்த்தார். ஓரங்கள் பழுப்பேறத் தொடங்கியிருந்தன. இனித்தான் கவனம் வேண்டும். ஒரு நிமிசம் விட்டாலும் இரண்டரை மணித்தியாலமும் கரியாகிவிடும்.

அப்போது வேலிப் படலை கிரீச்சிட்டது.

காற்றாயிருக்கலாம். சண்முகநாதனின் கோழியாயிருக்கலாம். காலடிச் சத்தம் ஒன்று கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. யாகோப்பு கழுத்தை நீட்டிப் பார்த்தார். அந்தப் பலகையிலிருந்து படலை தெரியாது. இரண்டு வருசம் அவள் இருந்த இடத்திலிருந்து, வருகிறவர் யார் என்று பார்க்க முடியாது என்பது இன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

எழும்பிப் போய்ப் பார்க்கலாம். ஆனால் கையை எடுத்தால் அடி பிடிக்கும்.

அவர் கிண்டிக்கொண்டே இருந்தார்.